தோலுக்கு எத்தனை கிலோ?

அலங்காநல்லூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். வாடிவாசல், திமில், புழுதி. பொங்கல் லீவில் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். வருஷத்தின் மற்ற 364 நாளும் அந்த ஊரில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்கிறேன். என் அண்ணன் மகன் கார் செய்தான்.

வாங்கவில்லை சார், செய்தான். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் பாதியை வளைத்துப்போட்டு, இரும்பு பைப்பை அறுத்து, வெல்டிங் வைத்து, பழைய மாருதி 800 ஒன்றின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் அதில் உட்கார வைத்தான். மீதிப் பாதியில் எங்கள் வீட்டுக் காளை நின்றுகொண்டு, பொறி பறக்கும்போதெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தது.

ஏன் செய்தான்? பையன் மெக்கானிக்கல் படித்தான். கல்லூரி மாணவர்களே வண்டி செய்து ஓட்டிக் காட்டும் போட்டிகள் நம் நாட்டில் உண்டு. எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 2007-ல் 'பாஹா', 2011-ல் 'சுப்ரா' என்று ஆரம்பித்து நடத்துகிறது. இவனும் அவன் கல்லூரி டீமில் இருந்தான். ராத்திரி பகலாக டிராயிங் போட்டுக் கொடுத்தான். கடைசியில், 'ஆளுக்கு இவ்வளவு பணம்' என்றார்கள். அந்த வருஷம் அண்ணனிடம் பணம் இல்லை. டிராயிங் டீமில் இருந்தது. பையன் பெயர் இல்லை.

மதுரைக்காரனுக்குக் கோபம் வந்தால் அரிவாளை எடுப்பான் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். இவன் வெல்டிங் ராடை எடுத்தான்.

ஒருநாள் போன் வந்தது. ''சித்தப்பா, எலும்பு ரெடி. தோலுக்கு என்ன போடுறது? வெயிட்டே இருக்கக் கூடாது!''

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்புவது ஒரு பெரிய கஷ்டம். ஆனால், இந்த விஷயத்தில் அவன் என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். அந்தக் கொட்டகைக்குப் பத்தடி தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். மதுரையில் ஒரு பஸ் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப்பில் 32 வருஷம் டிங்கர். தகரத்தைத் தட்டித் தட்டியே இடது காது போய்விட்டது. வலது காதும் பாதிதான்.

''தாத்தாவைக் கேளேன்டா'' என்றேன்.

''அவரு தகரம் சித்தப்பா. இப்ப எல்லாம் காம்போசிட்'' என்றான்.

அவர் காதில் விழவில்லை. அல்லது, விழாத மாதிரி இருந்துவிட்டார்.

சரி, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ஆசை இருந்தால், முதல் பாடம் இதுதான். காருக்கு இரண்டு வகையான தோல் உண்டு. நீங்கள் ஷோரூமில் வாங்குகிற கார்களில் தனியாகச் சட்டம் கிடையாது. அடித்தளமும், தூண்களும், கூரையும், உள் தகரமும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. நண்டு மாதிரி, ஓடேதான் எலும்பு. அதில் போய், 'வெயிட்டைக் குறைக்கிறேன்' என்று எதையும் வெட்டாதீர்கள். உயிருக்கு உலை. எங்கள் பையனுடையது வேறு ஜாதி. பைப் எலும்புக்கூடு மொத்தப் பாரத்தையும் சுமக்கும். மேலே போர்த்துவது வெறும் சட்டை. காற்று, சேறு, மழை இவற்றை மட்டும் தடுத்தால் போதும். அதனால், எதை வேண்டுமானாலும் போர்த்தலாம்.

எதை வேண்டுமானாலும் என்றால் நிஜமாகவே எதையும்தான். செக்கோஸ்லோவாக்கியாவில் 'வெலோரெக்ஸ்' என்று ஒரு மூணு சக்கர வண்டி இருந்தது. பைப் சட்டத்துக்கு மேல் ரெக்ஸின் துணி. 'பாடி'யைக் கழற்ற ஸ்பானர் வேண்டாம், பட்டனை அவிழ்த்தால் போதும். கிழக்கு ஜெர்மனியில் 1957-லிருந்து 1991 வரை 'டிராபான்ட்' என்ற கார் சுமார் 30 லட்சம் ஓடின. அதன் வெளித்தோல், பஞ்சுக் கழிவையும் ரெசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. ஆடு தின்றுவிட்டது என்று அதைப் பற்றிக் கேலிக் கதைகள் உண்டு. எங்கள் ஊரில் அதை விட்டிருந்தால், காளைகள் கதையை நிஜமாக்கியிருக்கும்.

நம் நாட்டிலும் குறைவில்லை. பெங்களூரில் எண்பதுகளில் வந்த 'சிபானி டால்ஃபின்' காருக்கு ஃபைபர் கிளாஸ் பாடி. அதே பெங்களூரில் 2001-ல் வந்த 'ரேவா' மின்சாரக் காருக்கு இரும்பு பைப் சட்டத்தின் மேல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். கோவையில் கரிவர்தன் என்று ஒரு மனுஷர், மாருதி 800 இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை வடிவமைத்தார். நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் ரேஸ் ஓட்டியது அதில்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீடுவே'க்கு அவர் பெயர்தான். எங்கள் பையனின் செல்போனில் அவர் படம்தான் முதலில் இருக்கும்.

இனி கணக்கு. பயப்படாதீர்கள், மளிகைக் கடைக் கணக்குதான்.

ஒரு சதுர மீட்டர் தோலை எடுத்துக்கொள்வோம். கார்களில் போடுகிற 0.8 மி.மீ. தகரம் என்றால் 6.3 கிலோ. அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால், வளையாமல் விறைப்பாக நிற்க அதைக் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும். 1.2 மி.மீ. போட்டால் 3.2 கிலோ. பாதிக்குப் பாதி லாபம். கார்பன் ஃபைபர் இன்னும் குறையும். விலையைக் கேட்டுவிட்டு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினோம். ரேவா மாதிரி ஏ.பி.எஸ். ஷீட் என்றால் அதைச் சூடாக்கி இளக்க அடுப்பு, அச்சு, உறிஞ்சி இழுக்க மெஷின் எல்லாம் வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு ஆகாது.

மிச்சம் ஃபைபர் கிளாஸ். இதன் எடையைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபைபர் என்றாலே பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைப்பு. கடையில் 'மேட்' என்று கேட்டால் கண்ணாடி நாரைப் போர்வை மாதிரி சுருட்டிக் கொடுப்பார்கள். வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட். அதை நனைக்க ஒரு கிலோ ரெசின். ஆக, ஒரு அடுக்குக்கு ஒன்றரை கிலோ, தடிமன் சுமார் ஒரு மி.மீ. இரண்டு அடுக்கு 3 கிலோ. அலுமினியத்துக்குச் சமம். மூன்று அடுக்கு 4.5. நாலு அடுக்கு போட்டால் 6 கிலோ. தகரத்தைத் தொட்டாச்சு! அதாவது, எடை புத்தகத்தில் இல்லை. பிரஷ் பிடிக்கிற கையில் இருக்கிறது.

பையனிடம் சொன்னேன். ''அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் சித்தப்பா'' என்றான். அந்த வயசில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மதுரையில் கல்யாண மேடைக்கு யானை, அன்னம் எல்லாம் ஃபைபரில் செய்கிற ஒரு மாஸ்டரிடம் நாலு ஞாயிற்றுக்கிழமை போய் எடுபிடி வேலை செய்து கற்றுக்கொண்டு வந்தான். நாலு ஞாயிறில் கற்றது யானைக்குப் போதும். காருக்குப் போதவில்லை.

முதலில், காரின் மூக்கைத் தெர்மாகோலில் செதுக்கினான். அவ்வளவு அழகு. அதன்மேல் நேரடியாக ரெசினைப் பூசினான். கண் முன்னாலேயே மூக்கு உருகிக் குழிந்துபோனது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். முழுக்கப் பேக்கிங் டேப் சுற்றி, மெழுகு தேய்த்துவிட்டுப் பூச வேண்டும். இரண்டு வார வேலை இரண்டே நிமிஷத்தில் போனது.

இரண்டாம் முறை டேப் சுற்றினான். மே மாதம். மதுரை வெயில் உங்களுக்குத் தெரியும். ரெசின் இறுகுவதற்குச் சேர்க்கிற கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. வெயில் காலத்தில் குறைக்க வேண்டும். இவன் நிழலில் கற்ற அளவையே ஊற்றினான். வாளியில் ரெசின் பத்து நிமிஷத்தில் சூடேறிப் புகைந்து, கல்லாகிவிட்டது. அதற்குப் பயந்து அடுத்த தடவை அவசர அவசரமாக ரெசினை ஊற்றி ஊற்றிப் பூசினான்.

ஒருவழியாக மூக்கு வந்தது. பளபளவென்று வந்தது. 1.1 சதுர மீட்டர், மூன்று அடுக்கு. கணக்குப்படி 5 கிலோ வர வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் வைத்தோம். 9 கிலோ! தகரத்திலேயே அடித்திருந்தால் 7 கிலோதான்.

தூரத்தில் கட்டிலில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. காது கேட்காதவர் கண்ணுக்குத் தராசு முள் தெரிந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது.

கேட்டலிஸ்ட் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தண்ணீர் இல்லை. அதையும், கோபால்ட் என்று ஊதா நிறத்தில் தருவார்களே, அதையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கிற அளவுக்கு வினை. அதை மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். கண்ணாடி போடச் சொல்லியும் இருந்தார். வேர்க்கிறது என்று இவன் கழற்றி வைத்துவிட்டான். சிரிஞ்சில் கேட்டலிஸ்டை இழுத்து, அழுத்தும்போது முனை கழன்று தெறித்தது. ஒரே ஒரு சொட்டு. நேராக வலது கண்ணில்.

நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். நான் பைக் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினேன். அண்ணி அலறினார். அண்ணன் ஆட்டோவுக்குப் போன் போட்டார். அப்பா மட்டும் எழுந்து வந்து, பையனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்து, மாடு குளிப்பாட்டுகிற ஹோஸைத் திறந்து, விரலால் இமையைப் பிரித்துக் கண்ணிலேயே தண்ணீரை விட்டார். பையன் துள்ளினான். விடவில்லை. ''அப்பா, ஆஸ்பத்திரிக்கு...'' என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அப்போதும் விடவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது.

மதுரையில் கண் டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: ''யாருங்க உடனே தண்ணி ஊத்தினது? அதனாலதான் பார்வை தப்பிச்சுது.''

திரும்பி வரும்போது அப்பாவின் வலது காதுப் பக்கம் குனிந்து கேட்டேன், ''எப்படிப்பா தெரியும்?''

''ஒர்க்‌ஷாப்புல ஒரு பயலுக்கு பேட்டரி ஆசிட் தெறிச்சுச்சு. எல்லாரும் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனோம். ஓடுன நேரத்துலதான் கண்ணு போச்சு'' என்றார். கொஞ்ச தூரம் போனதும், ''நானும் ஓடுனேன்'' என்றார். அதற்கப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை.

கட்டுப் பிரித்து, பார்வைக்கு ஒன்றுமில்லை என்று ஆனபிறகு, ஒருநாள் சாயங்காலம் பையன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். சரியாக வலது காதுப் பக்கமாக.

''தாத்தா, அலுமினியம் அடிச்சுத் தருவீங்களா?''

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து போய் எலும்புக்கூட்டைச் சுற்றி வந்தார். முதன்முறையாக அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி, நான் தேடித் தேடிப் படித்த எதிலும் இல்லாத கேள்வி.

''பிஞ்சா யாரு தைப்பா?''

எங்களுக்குப் புரியவில்லை.

''தோலுன்னா ஒருநாள் பியும். மாடு முட்டும், மரம் உரசும். அன்னைக்கு அதைத் தைக்க நம்ம தெருவுல ஆளு இருக்கானான்னு பாத்துட்டுப் போடு. கனம் பாக்குறது அப்பறம்'' என்றார்.

பிறகு ஒவ்வொரு இடமாகக் கை வைத்துச் சொன்னார். பக்கவாட்டு, கதவு, பின்பக்கம் எல்லாம் சப்பை. அங்கே அலுமினியம், 1.2 மி.மீ. அதை இவரே அடிப்பார், இவருக்கப்புறம் பையன் அடிப்பான். மூக்கும் மட்கார்டும் இரண்டு பக்கமும் வளைகிற இடம். அதை அலுமினியத்தில் அடிக்க இவர் தோள் இப்போது ஒத்துக்கொள்ளாது. அங்கே ஃபைபரே இருக்கட்டும். ஆனால், ரெண்டே அடுக்கு, ஓரத்தில் மட்டும் மூணு. உடைந்தால் ஒரு துண்டு மேட்டை வைத்து இவனே ஒட்டிவிடலாம். கூரைக்கு?

''மேல கனமே ஏத்தாதே. பஸ் டாப்புல வாழைத்தார் ஏத்துனா வளைவுல எப்படிச் சாயும், பாத்திருக்கியா? அதான். ஆட்டோவுக்கு டாப் தைக்கிறவன்கிட்டப் போ.''

அடுத்த ஒரு மாதம் எங்கள் கொட்டகையில் நடந்ததை நான் லீவு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். 78 வயசுக்காரர் ஒரு மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து, கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டத் தட்ட அலுமினியம் முறுக்கேறும். மேலே தட்டினால் விரிசல் விடும். அதைச் சூடுகாட்டி இளக்க வேண்டும். ஆனால், இரும்பு மாதிரி அது சிவக்காது. நிறமே மாறாமல் திடீரென்று உருகி விழுந்துவிடும். சூடு போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெர்மாமீட்டர் வேண்டும் என்றான் பையன். அப்பா குளியலறையிலிருந்து சோப்பை எடுத்து வந்து தகட்டில் ஒரு கோடு கிழித்தார். அடியிலிருந்து தீ காட்டினார். கோடு பழுப்பாகிக் கறுத்தது. ''போதும், எடு'' என்றார். ஆறியபின் தகடு அப்பளமாவு மாதிரி கை சொன்னபடி வளைந்தது.

இன்னொன்றும் சொன்னார். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால், பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். அதனால், பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடையில் கொடுத்து, அலுமினிய ரிவிட்டாகவே அடிக்க வைத்தார். நாலு வருஷ இன்ஜினீயரிங் படிப்பில் அதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு. சைக்கிள் டியூப் என்று மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கூரையை ஆட்டோ டாப் தைக்கிறவர் ரெக்ஸினில் தைத்துக் கொடுத்தார். வெயில் அடிக்காமல் உள்பக்கம் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வைத்துத் தைத்திருந்தார். மதுரைப் பக்கம் ஃப்ளெக்ஸுக்குப் பஞ்சமா? உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையின் பாதி முகமும், ஒரு கொம்பும் தெரியும்.

எடை பார்க்கும் நாள் வந்தது. கரும்பு விளைகிற ஊர் என்பதால் எடை மேடைக்குக் குறைவில்லை. ஒரு மினி வேனில் காரை ஏற்றி எடை போட்டு, இறக்கிவிட்டு வெறும் வேனை எடை போட்டுக் கழித்தோம். 430 கிலோ. இந்த இன்ஜினைச் சுமந்த மாருதி 800, சுமார் 650. தோலை மட்டும் தனித்தனியாக முன்பே நிறுத்து எழுதி வைத்திருந்தோம். எட்டு சதுர மீட்டர், மொத்தம் 25 கிலோ. முழுக்கத் தகரமாகப் போட்டிருந்தால் 50. முதலில் செய்த அந்த 9 கிலோ மூக்கைத் தூக்கிப் போடவில்லை. கவிழ்த்துவைத்தால் காளைக்குத் தவிடு வைக்க வாகாக இருந்தது.

நம்பர் பிளேட்? கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்துத் தேர்வாகாமல், வீட்டில் செய்த காரை ரோட்டில் ஓட்ட நம் சட்டம் இடம் தராது. பிரேக் பிடிக்காத ஒரு வீட்டுக் கார் என் மேல் வந்து ஏறுவதை நானும் விரும்ப மாட்டேன். அதில் எனக்குப் புகார் இல்லை. ஜி.டி. நாயுடுவே 1952-ல் 2,000 ரூபாய்க்கு ரெண்டு பேர் போகிற கார் என்று திட்டம் போட்டு, லைசென்ஸ் கிடைக்காமல் விட்டார் என்று சொல்வார்கள். நாங்கள் எம்மாத்திரம்? எங்கள் கார் எங்கள் வயலுக்கு நடுவே போகிற வண்டிப்பாதையில் மட்டும் ஓடுகிறது.

முதல் ஓட்டத்துக்கு அப்பாவை ஏறச் சொன்னான் பையன். அவர் மறுத்தார். ''நீ இருபத்தஞ்சு கிலோ குறைக்க இத்தனை பாடு பட்டிருக்கே. நான் ஏறுனா நாப்பத்தெட்டு கிலோ. எல்லாம் போச்சே'' என்றார்.

''உங்களை ஏத்தத்தான் தாத்தா குறைச்சேன்'' என்றான் பையன். இடது காதுப் பக்கம் நின்றுதான் சொன்னான். எப்படியோ அவருக்குக் கேட்டுவிட்டது.

ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்வதற்கு முன்னால், பழக்கதோஷம், கதவை இரண்டு விரலால் தட்டிச் சத்தம் பார்த்தார்.